கணுக்கால் வரை நீலச் சீருடை

பினாங்குக்குக் கப்பலேறி வந்த புதிதில் என்னைக் கான்வென்ட் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் முழங்கால் வரை ஒரே நீலச் சீருடை. "முட்டி தெரியிற உடுப்புன்னா என் பொண்ணு படிக்கவே வேணாம்" என்று அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள். எனக்கும் கூச்சம்தான், ஆனாலும் படிக்க ஆசை. கடைசியில் பாவாடைக்கு விடுவதுபோல் துணியைத் தாராளமாக விட்டு, கணுக்கால் வரைக்கும் அம்மாவே தைத்துக் கொடுத்தாள்.

முதல் நாள் வாசலிலேயே ஒருத்தி கத்தினாள். "இங்க பாருங்கடி, பாதிரியார் வந்துட்டாரு லா!"

சிரிப்புச் சத்தம் கேட்டு, யாழ்ப்பாணத்து டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். வீட்டுக்குத் திருப்பி அனுப்பத்தான் போகிறார் என்று அழுதுவிட்டேன்.

"அழாதை பிள்ளை. முழங்கால் தெரியக்கூடாதெண்டு அம்மா சொன்னவவோ?"

தலையாட்டினேன். அவர் ஊசி நூல் எடுத்தார். விளிம்பை உள்ளே மடித்து, முட்டிக்கு நாலு விரல் கீழே நிற்கும்படி தைத்துவிட்டார். "இது காணும், இவ்வளவு நீளம் போதும். என்ர அம்மாவும் இப்பிடித்தான்."

சாயங்காலம் அம்மா என்னை நிற்கவைத்தும் உட்காரவைத்தும் பார்த்தாள். முட்டி தெரியவில்லை.

"சரி, நாளைக்கும் போ" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.