பையோடு நிற்கிற முறை

தீம் பார்க்குக்குப் போக ஒரு பாஷை படிக்க வேண்டும் என்று யார் கண்டார்கள்? என் வீட்டுக்காரர் படித்தார். நான் கடையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால் போதும், மகளை மடியில் சாய்த்துக்கொண்டு போனும் கையுமாக பாடத்தை ஆரம்பித்துவிடுவார். வெட் ரைடு என்றால் நனைகிறது, டிரை ரைடு என்றால் நனையாதது. ஹைட் பார் என்றால் ராட்டினத்து வாசலில் நிற்கிற அளவுகோல். தலை அதைத் தொடாத பிள்ளையை ஏற்றமாட்டார்கள். வீக்டேயில் போனால் க்யூ இருக்காது. பள்ளிக்கூட டூர் வருகிற மாதத்தில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. பூந்தமல்லியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வந்துவிடுகிற இடத்துக்கு, மனுஷன் கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் மகளால் தானாக உட்கார முடியாது, பேச வராது. வெளியே போனால் சக்கர நாற்காலிதான். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். தண்ணீரைக் கண்டால் மட்டும் வாய் கொள்ளாமல் சிரிப்பாள். ஏதோ ஒரு வீடியோவில் அலைக்குளத்தைப் பார்த்து அவள் சிரித்த அன்றைக்குத்தான் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

எனக்கு வேறு ஆசை. வெளியே சொல்ல வெட்கம். அவள் பிறந்த பிறகு நானும் அவரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. ஒரு கல்யாணத்துக்கு நான் போனால் அடுத்ததற்கு அவர். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலையை முடித்து அவர் கள்ளிக்குப்பத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, முகப்பேர் துணிக்கடைக்குக் கிளம்ப நான் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன். யார் வீட்டில் இருக்கிறோமோ அவர் பாப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கி, கிளம்புகிறவருக்கு டாட்டா காட்ட வேண்டும். அது எங்கள் வீட்டு வழக்கம். இப்படியே வருஷங்கள் போயின. ஒரே ஒரு ராட்டினத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கத்திக்கொண்டே கீழே வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

"இன்னாமே, இத்த கேளு," என்றார் ஒரு நாள். "ஃபாரின்ல ரைடர் ஸ்வாப்புன்னு ஒண்ணு கீதாம். கொழந்தைய ஏத்த முடியலன்னா ஒருத்தர் அதுங்கூட கீழ நிக்கணும், ஒருத்தர் ஏறணும். அப்பால மாத்திக்கலாம். ரெண்டாவது ஆளு மறுபடியும் க்யூல நிக்க வேணாம்."

"இதுக்கு ஃபாரினுக்குப் போவணுமா? நம்ம குடித்தனமே அப்டித்தானே ஓடுது."

அவர் சிரித்தார். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, "உங்க அக்காவ இட்டுகினு போலாம். அது பாப்பாவ பாத்துக்கும். நாம ரெண்டு பேரும் சேந்து ஏறலாம்," என்றார். அக்கா இருப்பது திருமுல்லைவாயிலில். எங்களைத் தவிர பாப்பாவுக்கு ஊட்டத் தெரிந்த ஒரே ஆள். கேட்டதும் சரி என்றாள்.

பள்ளிக்கூட டூர் கூட்டமெல்லாம் முடிந்ததும் போகலாம் என்றிருந்தோம், பாப்பாவுக்குக் காய்ச்சல். வெயில் தணியட்டும் என்றோம், நெஞ்சில் சளி. ஒவ்வொரு தடவையும் அவர் பாப்பாவின் காதில், "அடுத்த மாசம் கண்டிப்பா போறோம்டா செல்லம்," என்பார். மழைக்காலத்தில் அந்தச் சளியே அவளைக் கொண்டுபோய்விட்டது. பாவி நான், அவள் போன மறுநாளும் விடிந்ததும் அவளுக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தேன்.

"எங்கனா வெளிய போய்ட்டு வாங்களேன்" என்று எல்லோரும் சொன்னார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் கோடை வந்ததும் அவரே, "போலாமா? பாப்பாவாண்ட சொல்லிகினே இருந்தோமே," என்றார். அதற்கு என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அக்காவைக் கூப்பிடவில்லை. இனி அவள் எதற்கு?

செவ்வாய்க்கிழமை போனோம். அவர் படித்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது. க்யூ இல்லை, கூட்டமில்லை. பெரிய ராட்டினத்துக்கு நேராகவே ஏறிப்போனோம். அங்கே இருந்த ஆள் என் தோளைப் பார்த்தார்.

"பையோட ஏறக் கூடாதுக்கா. கூட வந்தவங்க யார்னா கீழ கீறாங்களா? அவங்களாண்ட குடுத்துட்டு வாங்க."

அப்போதுதான் நானே பார்த்தேன். பாப்பாவின் பை. அவளுடைய துண்டு, ஊட்டுகிற ஸ்பூன், மாற்றுச் சட்டை. வெளியே கிளம்பினால் என் கை தானாக அதை எடுத்துவிடும். அவரும் வழியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறார்.

வாசலில் லாக்கர் இருந்தது. அதுவரை நடந்து, பையை வைத்துவிட்டு வந்திருக்கலாம். அதை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்ட எனக்கு மனசில்லை.

"நீ ஏறு," என்றார் அவர். "நான் கீழ நிக்கிறேன்."

ஏறினேன். பக்கத்து இருக்கை காலி. உச்சியிலிருந்து விழும்போது கத்தக்கூட வரவில்லை. இறங்கி வந்து பையை வாங்கிக்கொண்டேன், அவர் ஏறினார். க்யூவே இல்லாத இடத்தில், அவர் படித்த மாதிரியே மாற்றிக்கொண்டோம்.

வண்டி நகர்ந்ததும் அவர் கை ஆட்டினார். கண் என் முகத்தில் இல்லை. என் இடுப்புக்குப் பக்கத்தில், எப்போதும் அவளுடைய சக்கர நாற்காலி நிற்கிற இடத்தில் இருந்தது. அவள் கையைத் தூக்கி டாட்டா காட்ட நானும் குனிந்துவிட்டேன்.