உப்பளத்து டிராக்டரில் எண்ணெய் கசிந்தபோது

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து என்னை அனுப்பிவிட்டார்கள். சில வருடங்கள் அங்கும் இங்கும் அலைந்துவிட்டு, எண்ணூருக்கு அப்பால் ஓர் உப்பளத்தில் டிராக்டர் ஓட்டச் சேர்ந்தேன். சின்ன டிராக்டர்தான். பின்னால் டிரெய்லரைக் கோத்து, பாத்தி ஓரங்களில் குவித்திருக்கும் உப்பை ரயிலடிக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை மாட்டுவண்டிகள் செய்துவந்த வேலை அது. நான் வந்ததும் பாதி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த வண்டிக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர்கள் திட்டவும் இல்லை. மரத்தடியில் கும்பலாகக் கஞ்சி குடிக்கும்போது நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். எல்லோரும் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் டிராக்டரின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டேன். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு என்னுடையது. வாயைத் திறந்தாலே வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடும். நாளடைவில் வாயைத் திறப்பதே குறைந்துபோயிற்று. காலையில் எஞ்சின் கிளம்ப மறுக்கும்போது அதனிடம் ஏதாவது சொல்வேன். அவ்வளவுதான் பேச்சு.

மழைக்கு முன்னால் உப்பை ஏற்றி முடிக்க வேண்டிய அவசரத்தில் ஆயில் ஃபில்டர் கசிய ஆரம்பித்தது. எஞ்சினின் பக்கவாட்டில் சொம்பு அளவுக்கு ஓர் இரும்புக் கிண்ணம் தொங்கும். அதற்குள்தான் ஃபில்டர். கிண்ணத்தின் விளிம்பு மேலே வட்டமான ஒரு பள்ளத்தில் போய்ப் பதியும். நடுவில் போகும் நீளமான போல்ட் அதை இறுக்கிப் பிடிக்கும். எண்ணெய் வழியாமல் இருக்கப் பள்ளத்துக்குள் ஒரு ரப்பர் வளையம் உண்டு. வண்ணாரப்பேட்டையில் பழைய சாமான் விற்கும் பாய் கடையில் தேடிப் புது வளையம் வாங்கி வந்து போட்டேன். கசிவு முன்பைவிட அதிகமானது.

மேனேஜர் வந்து குனிந்து பார்த்தார். "நாளைக்குள்ள சரியாகலைன்னா பழையபடி மாட்டுவண்டியக் கூப்பிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மரத்தடியில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

கிண்ணம் கோணலாக உட்காருகிறதோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்து மறுகையால் போல்ட்டை முறுக்கினால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. நேராகப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். மரத்தடியைப் பார்த்தேன். கேட்க நா எழவில்லை.

அப்போது வரப்பின் மேல் மீன்கூடையோடு ஓர் அம்மாள் வந்தாள். கழிமுகத்தில் மீன் எடுத்துக்கொண்டு சடையங்குப்பம் பக்கம் விற்கப் போகிறவள். தினமும் அந்த வழியாகப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

"ஏனுங்கக்கா, இந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?"

அவள் நின்றாள். மரத்தடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"எப்டி புட்சிக்கணும், சொல்லு."

அவள் இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்க, நான் முறுக்கினேன். எஞ்சினைக் கிளப்பினேன். விளிம்பு முழுக்க எண்ணெய் பொங்கி அவள் புடவையில் தெறித்தது.

"அய்ய, இன்னாபா இது! இன்னும் ஒயுகுதே!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எஞ்சினை நிறுத்தி, மறுபடி கிண்ணத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, மேலே இருந்த பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவினேன். புது வளையத்தை எடுத்த பிறகும் பள்ளம் ஆழமாக இல்லை. நகத்தால் கீறினேன். கறுப்பாக ஒரு துணுக்கு உதிர்ந்தது. பழைய ரப்பர் வளையம் சூட்டில் இறுகி இரும்போடு இரும்பாக ஒட்டிக்கிடந்தது. அதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டிருக்கிறேன். ஒரு மரச்சிம்பைக் கூராக்கி, சுற்றிலும் நெம்பி எடுத்தேன். அவள் பொறுமையாகக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

"எங்க வூட்டுக்காரரும் இங்கதான் வண்டி ஓட்டிகினு இருந்தாரு" என்றாள்.

என் கை நின்றுவிட்டது. "இப்போ?"

"ஆர்பர்ல கரி மூட்டை தூக்குறாரு. ராவெல்லாம் இருமல். அதான் நான் கூடை தூக்கினேன்."

"தெரியாமக் கேட்டுட்டேனுங்க. நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."

"கூடை எறக்கியாச்சி. நீ வேலைய பாரு, மீனு வெயில்ல கீது."

புது வளையத்தை மட்டும் பள்ளத்தில் பதித்தேன். அவளே கிண்ணத்தை உயர்த்திப் பிடித்தாள். போல்ட் சுலபமாக ஏறியது. குறைந்திருந்த எண்ணெயை ஊற்றி எஞ்சினைக் கிளப்பிவிட்டு விளிம்பைத் துணியால் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். துணியில் ஈரமே இல்லை.

"நின்னுபோச்சா?"

"நின்னுபோச்சுங்க."

அவள் ஈர மண்ணில் கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். எஞ்சினை நிறுத்திவிட்டு, கூடையை நான் தூக்கி அவள் தலையில் வைத்தேன். மரத்தடியைத் தாண்டும்போது யாரோ அவளிடம் ஏதோ சொன்னார்கள். "கேட்டான், புட்சேன். உனுக்கு இன்னா?" என்று அவள் குரல் மட்டும் என் காதில் விழுந்தது.

அதன் பிறகு அவள் அந்த வரப்பில் வரவில்லை. ரயில் பாதை ஓரமாகச் சுற்றிக்கொண்டு போவது தூரத்தில் தெரியும். கூடையை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வேன். அவள் புருஷனை எனக்குத் துணையாளாக வைத்துக்கொள்ளும்படி மேனேஜரிடம் ஒருமுறை கேட்டேன். டிராக்டருக்குத் துணை எதற்கு என்றார் அவர். மழைக்கு முன்னால் உப்பு முழுவதும் ரயிலேறியது. அடுத்த தையில் மிச்ச மாட்டுவண்டிகளையும் நிறுத்தினார்கள். மரத்தடி காலியானது. நான் அங்கே போய்ச் சாப்பிடவில்லை.

மறுபடி ஃபில்டர் மாற்ற வேண்டி வந்தபோது ஒரு சவுக்குக் கட்டையை அளவாக வெட்டிக் கிண்ணத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். கிண்ணம் ஆடாமல் நேராக நின்றது. போல்ட்டை முறுக்கினேன். யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.