சம்பந்திக்காகப் படித்த இந்தி

இந்தி மேல் எனக்கு ஆசையெல்லாம் கிடையாது. ஒரு பொம்பளையிடம் நேருக்கு நேர் நியாயம் கேட்க வேண்டியிருந்தது. அவளுக்கு இந்தியை விட்டால் வேறு பாஷை தெரியாது. அதனால் படித்தேன். அந்தப் பொம்பளை என் சம்பந்தி, போபாலில் இருக்கிறாள்.

என் ஒரே மகள் பெங்களூரில் வேலை பார்த்தபோது அந்த வீட்டுப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டாள். அதில் எனக்கு வருத்தமில்லை. உண்டாகியிருக்கிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கே, "ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டுக் கூட்டியாந்துடறேன்" என்றேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே பார்ப்பார்கள்.

"அத்தை அனுப்ப மாட்டாங்கம்மா. அவங்க பக்கம் அந்தப் பழக்கம் இல்ல."

"நீ கேட்டுப் பாத்தியா?"

"கேட்டேம்மா. ஒரே பிடியா நிக்கறாங்க."

போனை வைத்ததும் அந்தப் பொம்பளையை வாய்க்கு வந்தபடி கரித்துக்கொட்டினேன். கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை. என் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகிறது. அவர் இருந்தால் "விடு, வாயை ஏன் கெடுத்துக்கறே" என்றாவது சொல்லியிருப்பார்.

செங்கம் ரோட்டில் ஒரு மெடிக்கலில் எனக்கு வேலை. கடைக்காரர் பாய், வீட்டில் உருது பேசுகிறவர். அவரிடமே கற்றுக்கொண்டிருக்கலாம். எதற்கு இந்தி என்று கேட்பார், சொல்லும்போது அழுதுவிடுவேன் என்று பயம். அதனால் போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். காலையில் சமைக்கும்போது போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, அதில் வரும் வாத்தியார் சொல்வதைத் திருப்பிச் சொல்லுவேன். நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டேன். நமக்கு இருப்பது ஒரே ஒரு 'க'. சாப்பாட்டுக்கும் 'கானா', பாட்டுக்கும் 'கானா'. மறுநாள் எடுத்துப் பார்த்தால் எதை எழுதினேன் என்று எனக்கே தெரியாது. மகளிடம் மூச்சு விடவில்லை. நான் கேட்கும்போது அவளே அசந்துபோக வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் மாதத்தில் வடக்கத்திக்காரர் ஒருவர் கடைக்கு வந்து "புகார் ஹை" என்றார். "என்ன புகார்? எங்க கடைல வாங்கின மாத்திரையா?" என்று நான் சண்டைக்குக் கிளம்பிவிட்டேன். உள்ளேயிருந்து பாய், "ஜுரம்னு சொல்றாரும்மா, மாத்திரையக் குடுத்து அனுப்புங்க" என்றார். அன்றைக்கெல்லாம் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஓரளவு துணிச்சல் வந்தது. முட்டிவலிக்குத் தைலம் வாங்க வந்த ஒரு வடக்கத்தி அம்மா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். "மைன் அகேலா ரஹ்தா ஹூன்" என்றேன், நான் தனியாக இருக்கிறேன் என்று. அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, "அகேலி, அகேலி ரஹ்தீ" என்று திருத்தினாள். நான் சொன்னது ஆண்பிள்ளை சொல்கிற மாதிரியாம். வீடியோ வாத்தியார் ஆண். அவர் சொன்னதை அப்படியே சொல்லிச் சொல்லி நாலு மாதமாக அடுப்படியில் ஆம்பளையாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், சொல்ல ஒருவர் இல்லை. நம் பாஷையில் தனியா இருக்கேன் என்றால் விஷயம் முடிந்தது. அவள் போனபிறகும் அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றே இருந்தது.

இதற்கிடையில் பின்னறைக்கு வெள்ளையடித்து, கட்டில் வாங்கிப் போட்டு, தூளி கட்டக் கொக்கியும் அடித்துவிட்டேன். "பேட்டீ கோ பேஜ் தீஜியே", பெண்ணை அனுப்பி வையுங்கள். இதைக் கடைக்கு நடந்து போகும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

மகளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் வந்தாள். முகம் பூசினாற்போல் இருந்தது. "அத்தைகிட்ட குடுடி, நானே பேசறேன்" என்றேன்.

"நீ என்ன பேசுவே? அவங்களுக்குப் புரியாது. இரு, நான் சொல்றேன்" என்று எழுந்து நடந்தாள். சமையல் மேடையில் போனைக் கவிழ்த்து வைத்தாள் போலிருக்கிறது, திரை இருண்டது. குரல் மட்டும் கேட்டது. அவள் மாமியாரிடம் இந்தியில் சொன்னாள்: "மம்மி, அம்மா கேட்டா நீங்களே முடியாதுன்னு சொல்லிடுங்க. எனக்கு அங்க போக வேணாம்."

அவள் மாமியார், "நாலஞ்சு மாசம்தானே. பெத்த அம்மா கூப்பிடறாங்க, போய்ட்டு வா" என்றார்.

"வேணாம் மம்மி. அங்க எனக்கு மனசே ஒட்டல."

ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. வாத்தியார் பாடத்தில் பேசுகிற மாதிரி இருவரும் நிதானமாகத்தான் பேசினார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஐந்து மாதமாக நான் திட்டிய பொம்பளை எனக்காகப் பேசிக்கொண்டிருந்தார்.

திரை வெளிச்சமானது. சம்பந்தி மாவுக் கையோடு கும்பிட்டார். பக்கத்தில் என் மகள், "சொல்லும்மா" என்றாள்.

"சம்பந்தி நல்லா இருக்கீங்களானு கேளு" என்றேன். கேட்டாள். "பொண்ண பத்திரமா பாத்துக்கங்கனு சொல்லு." சொன்னாள்.

சம்பந்தி திரைக்கு நெருக்கமாக வந்து, என்னைப் பார்த்து மெதுவாகப் பேசினார். தனியாக அங்கே என்ன செய்யப்போகிறீர்கள், இங்கேயே வந்துவிடுங்கள், நாம் இரண்டு பேரும் சேர்ந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

நான் மகளைப் பார்த்தேன்.

"கவலைப்படாதீங்க, நல்லா பாத்துக்கறேன்னு சொல்றாங்கம்மா" என்றாள்.

"சரி. ரொம்ப சந்தோஷம்னு சொல்லு" என்றேன்.