அடி கறுத்த தக்காளி

மேலே சிவந்து பளபளத்த பழத்தைப் பறித்தபோது, அடியில் கறுத்திருந்த தோலுக்குள் என் கட்டைவிரல் புதைந்தது. புளித்த நீர் மணிக்கட்டு வரை வழிய, உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையோரம் எங்கள் வீடு. பின்னால் செம்மண் தோட்டம். அங்கே தக்காளி நட்டவள் அப்பாவின் தங்கை பேச்சியத்தை. கணவன் வேறொருத்தியோடு போய்விட்டதால் எங்களோடு இருந்தாள். நாற்றுவிட்டது, களையெடுத்தது, மெல்ல ஊறுகிற கிணற்றில் நீர் இறைத்து ஊற்றியது எல்லாம் அவள். அப்பா செய்தது ஒன்றுதான்: "சீமை உப்பு" என்று ஊரார் சொன்ன வெள்ளை உரத்தை வாங்கிவந்து கை கையாக அள்ளி இறைத்தார். செடிகள் கரும்பச்சையாய்க் கொழுத்தன. காய்களோ அடியில் கறுத்து அழுகின.

"வீட்டுக்குத் தூரமா இருக்கையில அத்த தோட்டத்துக்குள்ள போனாளா?" என்று அப்பா என்னிடம் கேட்டார். போனாள், பார்த்தேன் என்றேன். செடி வாடுகிறதே என்று ஒரு குடம் தண்ணீரோடு போனவள்தான்.

"ஏட்டி, உன் கை பட்டுத்தான் பூராவும் அழுகுது. இனி அங்கன கால் வைக்கக் கூடாது" என்று அப்பா அத்தையிடம் சொல்லி, ஒரு கூடை அழுகல் பழத்தை அவள் முந்தானையில் கொட்டினார். சீலையெல்லாம் ஒழுக, "நான் என்னண்ணே செஞ்சேன்?" என்று மட்டும் கேட்டாள்.

அதன்பின் ஒரு மாதம் அவள் தோட்டத்தை மிதிக்கவில்லை. பழங்கள் அழுகிக்கொண்டுதான் இருந்தன. அது யாருக்கும் உறைக்கவில்லை.

பயிர் பார்க்க வந்த அரசாங்க ஊழியரான கிராமசேவக் ஒரு காயைப் பிளந்து பார்த்தார். "மண்ணுல சுண்ணாம்புச் சத்து பத்தல அண்ணாச்சி. இருக்கிறதையும் செடி எடுக்க முடியாதபடி உப்பை அள்ளிப் போட்டிருக்கிய. தண்ணியும் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுதிய. பெறகு காய் எப்படி நிக்கும்?" என்றார். அடுக்களை வாசலில் நின்று அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. நானும்தான்.

நீற்றின சுண்ணாம்பைத் தூவிக் கொத்தி, உப்பைக் குறைத்து, நாள் தவறாமல் நீர்விட்டதில் அடுத்த நடவு மாசில்லாமல் காய்த்தது. பெரிய மனசு பண்ணுகிறவர்போல அப்பா, "வந்து பறி ஏட்டி" என்றார்.

"என் கை ஆகாதுல்லாண்ணே. நீங்களே பறிங்க" என்றாள் அத்தை. அந்த வாரமே சுரண்டையில் ஒரு சாப்பாட்டுக்கடைக்குச் சமைக்கப் போய்விட்டாள். திரும்பி வரவேயில்லை.

இன்று அந்தத் தோட்டத்தில் லாட்ஜ் நிற்கிறது. கிணற்றை மூடி வண்டி நிறுத்துகிறார்கள். அத்தை செத்தும் வெகுகாலமாயிற்று. போன மாதம் வீட்டு விசேஷத்தில், "அந்தத் தோட்டத்துல எங்கப்பா கைராசிக்குக் காய்ச்ச தக்காளி" என்று என் தம்பி, கூடியிருந்த பிள்ளைகளிடம் பெருமையடித்தான்.

"சும்மா இருலே. நட்டது பேச்சியத்தை. அழுகினதுக்கு ஏச்சு வாங்கினதும் அவதான். காட்டிக்கொடுத்தது நான்" என்றேன்.

தம்பியின் பேத்தி கேட்டாள்: "பேச்சியத்தையா? அது யாரு ஆச்சி?"