கோடு ஏறிய இடம்

துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்றை என் இரண்டு விரல்களில் மாட்டினாள் அந்தப் பெண். வலிக்கவில்லை. அதன் ஒயர் ஒரு கம்ப்யூட்டருக்குப் போனது. எங்கள் செம்பாக்கம் வீட்டு மாடியில் குடியிருந்தவள் அவள். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் மனசைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சினிமாவிலிருந்து துண்டு துண்டாகக் காட்சிகளைப் போட்டுக் காட்டுவார்களாம். சிரிக்க ஒன்று, பயப்பட ஒன்று, அழ ஒன்று. நடுநடுவே மனசு அடங்க வெறும் கடலலை. விரலில் கசியும் வியர்வையை வைத்து, உள்ளே நடப்பதை மிஷின் கோடாகப் போட்டுவிடுமாம். வயதான பெண்கள் வேண்டும் என்றாள். என் கொழுந்தன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, உடனே தலையாட்டினாள். அவள் போனால் நானும் போவேன்.

கல்யாணமான புதிதில் எங்கள் இருவரையும் மாமியார் தாம்பரம் கொட்டகைக்கு அழைத்துப் போவார். கதாநாயகி இருமத் தொடங்கினாலே ஓரகத்தி முந்தானையை எடுத்துவிடுவாள். இடைவேளையில் முன்பின் தெரியாத பெண்கள்கூட அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்ததுண்டு. எனக்கு அழுகை வராது. தொண்டை வரை ஏதோ வரும், அங்கேயே நின்றுவிடும். வீடு திரும்பும் வழியெல்லாம் மாமியார், “சின்னவளுக்கு ஈர மனசு. பெரியவ இன்னான்னா கல்லு மாதிரி குந்திகினு கீறா” என்பார். அந்தப் பேர் என்னோடு ஒட்டிக்கொண்டது. அவர் படுத்த படுக்கையானபோது துடைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டவள் நான். வாசலில் நின்று அழுதவள் அவள். வந்தவர்கள் அவளைத்தான் கட்டிக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். மனுஷர்கள் பார்க்காததை மிஷினாவது பார்க்கட்டும் என்றுதான் நான் அந்தக் கிளிப்புக்குக் கையை நீட்டினேன்.

ஒரே அறையைப் பலகையால் தடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். காதில் ஹெட்போன். திரையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு தாய் சாகக் கிடக்கிறாள். கால்மாட்டில் சோற்றுத் தூக்கோடு அவள் பிள்ளை நிற்கிறது. எனக்குத் தோன்றியதெல்லாம், அந்தத் தலையணையை யாராவது சரியாக வைக்கக் கூடாதா என்பதுதான். பிறகு கடலலை வந்தது. சத்தமில்லாத அலை. அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. கூடவே ஆராய்ச்சிப் பெண்ணின் குரல்: “தண்ணி குடிங்க ஆன்ட்டி. உங்கள மாதிரி இவ்ளோ ஃபீல் பண்ணவங்க யாருமே இல்ல.” இங்கேயும் சோடாவா என்று நினைத்தேன். காதோரம் சுட்டது. அலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் என் கோட்டைக் காட்டச் சொன்னேன். ஓரகத்தியும் இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள். தாய் சாகிற இடத்தில் அது தரையோடு தரையாகப் போயிருந்தது. அலை வந்த இடத்தில் மலையாக ஏறியிருந்தது. அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது.

“இவங்க அழுதது உங்களுக்குக் கேட்டிருக்கு. படத்துக்கு அசையாத நீங்க, தங்கச்சி அழுதா தாங்க மாட்டேங்கறீங்க. இல்லையா ஆன்ட்டி?”

ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எம்மேல இவ்ளோ பாசமாக்கா? இத்தினி வருசம் எனக்கே தெரியாம போச்சே” என்று மறுபடியும் அழுதாள்.

மிஷின் பிடித்தது பொறாமையை. அது எனக்கு மட்டும் தெரியும். ஆனாலும் எத்தனையோ வருஷமாக நான் கேட்க ஏங்கிய பேச்சல்லவா அது. நானும் அவள் கையை இறுக்கிக்கொண்டேன்.

இப்போது செம்பாக்கத்தில் எனக்கு ஈர மனசு என்று பெயர். மிஷினே சொன்னதாயிற்றே. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஓரகத்திதான் அந்தக் கதையை எடுக்கிறாள். “நான் அழுததக் கேட்டு எங்க அக்கா துடிச்சுப் போயிட்டாங்க” என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிடுகிறது. கேட்பவர்கள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவள் தோளைத் தட்டிக் கொடுக்கிறார்கள். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர என்னைத்தான் அனுப்புகிறார்கள்.