சித்தப்பாவின் தலையணைக் கல்

பிள்ளைகளே, யாக்கோபு வீட்டைவிட்டுத் தனியே ஓடிப்போன கதை உங்களுக்குத் தெரியும். வழியில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். ஆண்டவர் கனவில் வந்து, போகிற இடமெல்லாம் கூடவே இருப்பேன், இந்த மண்ணுக்கே உன்னைத் திரும்பக் கூட்டிவருவேன் என்று வாக்குக் கொடுத்தார். விழித்தவர் அந்தக் கல்லையே நட்டுவைத்து எண்ணெய் ஊற்றினார்.

இதை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டபோது எனக்கு எட்டு வயது. யுத்த காலம். சித்தப்பா பட்டாளத்தில் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயிலேறிப் போயிருந்தார். அதன்பிறகு ஒரு சேதியும் இல்லை. மம்சாபுரத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு கல் கிடந்தது. மத்தியானங்களில் அவர் தலைவைத்துப் படுத்த கல். எனக்கு வேறென்ன வேண்டும்? அதை நிமிர்த்தி நட்டு, அம்மாவின் நல்லெண்ணெயில் பாதியை ஊற்றிவிட்டேன்.

மறுநாள் விடிந்து பார்த்தால் கல்லுக்குக் குங்குமமும் செவ்வரளிப் பூவும் வந்திருந்தன. எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கு, எண்ணெய் மினுங்க நிற்கும் கல் சாமியாகத்தானே தெரியும்.

அப்பாவோ சபை மூப்பர். கல்லைப் பெயர்க்கக் கடப்பாரையோடு வந்துவிட்டார். நான் அழுதுகொண்டே யாக்கோபு கதையை முழுக்க ஒப்பித்தேன். அத்தை இடுப்புக் குடத்தை இறக்கிவைத்தார்.

"எங்க வீட்டு அவியளும் பட்டாளத்துலதான இருக்காவ. உங்க சாமியாவே இருந்துட்டுப் போவட்டும்ணே. அவிய வாரவரைக்கும் நிக்கட்டும்."

அப்பா கடப்பாரையைச் சுவரோரம் சாய்த்தார். குங்குமத்தை மட்டும் துண்டால் துடைத்துவிட்டுப் போனார். மறுநாள் அத்தை மறுபடி வைத்தார். இவர் துடைக்க, அவர் வைக்க, இப்படியே மாதங்கள் ஓடின.

அம்மா எண்ணெய்க் கலயத்தை எனக்கு எட்டாத உறிக்கு மாற்றியிருந்தாள். ஆனாலும் கல் காயவே இல்லை. அத்தையிடம் கேட்டேன். "எண்ணெய்க்கு நான் எங்கலே போவேன்? பூவும் பொட்டுந்தான் நான் வைக்கேன்" என்றார். அப்படியானால் ஊற்றுவது ஆண்டவரேதான். தெருப் பையன்கள் அத்தனை பேரிடமும் சொல்லிப் பெருமையடித்தேன்.

வீட்டிலோ கலயம் சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது.

"அந்த வழுக்கத் தலைக்கு எம்புட்டு எண்ணெய்தான் தேய்ப்பிய?" என்று அம்மா அப்பாவைக் கேட்பாள். உடம்பில் சூடு அதிகம் என்பார் அப்பா.

யுத்தம் முடிந்து பக்கத்து வீட்டு மாமா வந்தார். சில வாரம் கழித்துச் சித்தப்பாவும் இளைத்துக் கறுத்து வந்துசேர்ந்தார். நேரே கிணற்றடிக்குப் போனார்.

"என் தலகாணிய எவன்லே நட்டு வச்சது?"

சிரித்தபடியே கல்லைச் சாய்த்து, குங்குமத்தோடும் பூவோடும் அதன்மேல் தலைவைத்துப் படுத்துவிட்டார். எழுந்தபோது தலையெல்லாம் எண்ணெய். அப்பா, என்றுமில்லாமல், அதைத் தம் துண்டால் துடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எண்ணெய் குறையவில்லை. அப்பாவுக்குச் சூடு தணிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.