பாதை வந்திட்டுதோ?

பேய், பிசாசு என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பிப் போகிற ஆள் நான். கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசுவேன், அதோடு சரி. நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டுக் கேளுங்கள், எனக்கும் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்விட்டது.

எங்கள் ஊர்ச் சனத்துக்கென்று இணையத்தில் ஒரு கருத்துக்களம் இருந்தது. திருகோணமலையில் பிறந்து உலகமெல்லாம் சிதறிப்போனவர்கள் வந்து எழுதுகிற இடம். அதில் 'பொதுக்கதை' என்ற பகுதிக்கு, ஊரைவிட்டுப் போகாத நான்தான் மட்டுறுத்துநர். பெரிய சொல், வேலை என்னவென்றால், விடிந்தால் ஒரு கேள்வி போட வேண்டும், சண்டை வந்தால் விலக்க வேண்டும், சண்டை வராவிட்டால் கொஞ்சம் மூட்டிவிட வேண்டும். கணவாய்க் கறிக்குத் தேங்காய்ப்பால் விடலாமோ என்று கேட்டால் முன்பெல்லாம் கிழமைக்கணக்கில் ஓடும். பிறகு எல்லோரும் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டார்கள், என் கேள்விகள் உள்துறைமுகத்தில் கப்பல் கட்டாத மிதவை மாதிரித் தனியே ஆடிக்கொண்டு கிடந்தன. களத்தை நடத்தின குமரன் நோர்வேயில் இருக்கிறான். மாத முடிவுக்குள் கதை சூடுபிடிக்காவிட்டால் பூட்டப்போகிறேன் அண்ணை, எனக்கும் ஏலாது என்று எழுதிவிட்டான்.

பூட்டட்டும் என்று விட்டிருப்பேன், அண்ணன் இல்லாவிட்டால். லண்டனில் இருக்கிற என் அண்ணனும் நானும் அம்மாவின் செத்த வீட்டில் வாய்த்தர்க்கப்பட்டு முறித்துக்கொண்டவர்கள். அதற்குப் பிறகு தொலைபேசி இல்லை, நல்லநாள் பெருநாள் இல்லை. ஆனால் களத்துக்கு வருவார். நான் போட்ட கேள்விக்குக் கீழே, என்னை யாரென்றே தெரியாதவர் போல, "மட்டுறுத்துநருக்குச் சமையலும் தெரியாது" என்று எழுதுவார். நானும் "ஐயா பெரிய சமையல்காரனாக்கும்" என்று எழுதுவேன். எங்களுக்குள் மிஞ்சியிருந்த கதை அவ்வளவுதான். அதுவும் போனால் அண்ணன் போனார்.

அந்த நேரம்தான் 'அக்கரை' என்ற பெயரில் ஒருவர் வந்தார். அக்கரைப்பற்று ஆளாக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் எழுதினது ஒரே வரி: "பாதை வந்திட்டுதோ?"

கனடாவில் வளர்ந்த பிள்ளைகள் றோட்டைக் கேட்கிறார் என்று நினைத்து, ஓம் அங்கிள், தார் ஊற்றிக் காப்பெற் போட்டாச்சு என்றார்கள். யாருடைய ஆட்சியில் போட்டது என்று இன்னொருவர் கேட்க, போதாதா, பற்றிக்கொண்டது. அண்ணன் நடுவில் புகுந்து எல்லோருக்கும் ஏசினார். நான் ஆறுதலாக மூச்சுவிட்டேன். பிறகு டோஹாவில் வேலை செய்கிற கிண்ணியா நசீர் நானா எழுதினார்: "றோட்டுமில்ல, ஒண்டுமில்ல. மனுசன் கேக்கிறது தண்ணியில வாற பாதைய."

எங்கள் பக்கத்தில் ஆட்களையும் பஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கிற மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர். கிண்ணியாவுக்குப் பாலம் வந்த பிறகு அந்தத் துறையில் அது இல்லை. நானா அதையும் எழுத வெளிக்கிட, நான் தனிமடல் போட்டு மறித்தேன். பதில் வந்த கேள்வி செத்த கேள்வி, நானா, விடுங்கோ, சனம் கதைக்கட்டும் என்றேன். "பாவம் தம்பி, உண்மையா நிக்கிறாரோ தெரியா" என்றார். ஆனாலும் விட்டார். அந்த ஆள் வேறொன்றும் எழுதவில்லை. நாளாந்தம் அதே வரி, அதற்குக் கீழே நூறு கதை.

ஒருநாள் கந்தோர் அலுவலாகக் கிண்ணியாவுக்குப் போயிருந்தேன். உச்சி வெயில். போனைப் பார்த்தால், "துறையடியில நிக்கிறன், சரியான வெயில், பாதை வந்திட்டுதோ?" பகிடி விடுகிறவனைக் கையும் மெய்யுமாகப் பிடிப்போம் என்று பழைய துறைக்கு இறங்கினேன். காயப்போட்ட வலை, இரண்டு ஆடு, தண்ணீருக்குள் இறங்கிப் பாதியில் மறைகிற சீமெந்துச் சரிவு. மனுசர் ஒருத்தரும் இல்லை. நானும் துறையடியில்தான், நீங்கள் எங்கே என்று எழுதினேன்.

"கண்டன். நீலச் சேட்டு. நீங்கள் அந்தப் பக்கம் நிக்கிறீங்கள்."

என் சேட்டு நீலம்தான். எதிர்க்கரையைப் பார்த்தேன், வெயில் மட்டும் நின்றது. எனக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். பாலத்தால் நடந்து மற்றக் கரைக்குப் போய், வியர்த்துக் கொட்டக் கொட்ட, இந்தப் பக்கம் வந்துவிட்டேன் என்று எழுதினேன்.

"இல்லையே. இப்பவும் அந்தப் பக்கம்தான் நிக்கிறீங்கள்."

நம்பினால் நம்புங்கள், அதற்குப் பிறகு எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

அடுத்த நாள் எங்கள் பகுதியில் கரண்ட் இல்லை, என் போன் சார்ச் இறங்கி மேசையில் செத்துக் கிடந்தது. கரண்ட் வந்து களத்தைத் திறந்தால், அவருடைய வரிக்குக் கீழே என் பெயரில் ஒரு பதில்: "ஓம், வந்திட்டுது. ஏறுங்கோ."

நான் எழுதவில்லை. குமரனிடம் கேட்டேன், அவன் தேடிப் பார்த்துவிட்டு, உங்கட போனில இருந்துதான் போயிருக்கு அண்ணை என்றான்.

அதோடு 'அக்கரை' வரவில்லை. சனமும் அப்பாடா என்று கலைந்துவிட்டது, அண்ணனும் வரவில்லை. அந்தப் பதிலை அழிக்க எனக்கு அதிகாரம் இருந்தது. அழித்தால் கேள்வி திரும்பத் திறக்கும், கதை வரும், அண்ணன் வருவார். விரலைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். ஆனால் எவ்வளவு காலமாய் நின்று களைத்த மனுசரோ, ஒருவேளை ஏறியிருந்தால், காலுக்குக் கீழே இருந்து பலகையை எப்படி இழுப்பது? எனக்கு மனம் வரவில்லை. மாத முடிவில் குமரன் களத்தைப் பூட்டினான்.

அடுத்த ஞாயிறு அண்ணன் போன் எடுத்தார். இத்தனை வருசத்துக்குப் பிறகு, களம் இல்லாத படியால்தான் எடுத்தேன் என்றார். நான் குசினியில் கதிரையில் இருந்தேன், யன்னல் பூட்டி, காற்றாடிகூட ஓடவில்லை. சாப்பிட்டியோ என்று கேட்டார், ஓம் என்றேன். கொஞ்சம் பொறுத்து, "எங்க நிக்கிறாய்? ஒரே தண்ணிச் சத்தம், ஆக்கள் ஏறுற சத்தம்" என்றார். வீட்டில்தான் என்றேன். அவருக்கு அது கேட்கவில்லைப் போல.

இப்போது ஞாயிறு தவறாமல் எடுக்கிறார். நான் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அறையில் இருந்து கதைத்துப் பார்க்கிறேன். இரண்டு வார்த்தைக்கு மேல் போகாது. "ஒண்டும் விளங்குதில்லை, தம்பி," என்று சொல்லி வைத்துவிடுகிறார், "கரைக்கு வந்திட்டு எடு."